138 நாள் தொடர் நடை: மொரிஷியஸில் ஒரு ஸ்மார்ட் வாட்ச்சும் மரத்துப்போன ஒரு பாதமும்

பின்னணி

மொரிஷியஸ் தீவின் காத்ர் போர்ன் நகரில் எங்கள் கோயிலைச் சேர்ந்த பதினோரு பேர் சேர்ந்து நடக்கும் குழு ஒன்று இருக்கிறது. அந்தக் குழுவில் ஒருவருக்கு 2023 ஜூன் முதல் 2025 பிப்ரவரி வரை நேர்ந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அவரும் அவர் மனைவியும் மகளும் இதை முழுவதும் கேட்டு, சொல்லலாம் என்று ஒப்புக்கொண்ட பிறகே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் முப்பது ஆண்டுகள் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவர் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். எனக்கு அண்ணன் முறை. என்னைத் தங்கச்சி என்பார். எங்கள் பேச்செல்லாம் பெரும்பாலும் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான். சாமி கும்பிடும்போதும் சண்டை போடும்போதும் தமிழ் வரும். அவர் சொன்னவற்றை இங்கே தமிழில் தருகிறேன்.

நான் நர்ஸ் பயிற்சியில் சேர்வதற்கு முன்பே, 1987-இல் இந்நாட்டில் எடுத்த முதல் கணக்கெடுப்பு சர்க்கரை நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைக் காட்டிவிட்டது. இன்றைக்குப் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்து பேரில் ஒருவருக்கு அது இருக்கிறது. எங்கள் குழுவில் பதினோரு பேரில் ஆறு பேருக்கு. அண்ணனுக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓட்டுநர் இருக்கையில் முப்பத்தொரு ஆண்டுகள், மதியத்துக்கு பஸ் நிலையத்தில் இரண்டு தால் பூரி, ஒரு பாட்டில் இனிப்புப் பானம் என்று ஓடிய வாழ்க்கை. 2013-இல் அந்தப் பானங்களில் இருக்கும் சர்க்கரைக்கு கிராம் கணக்கில் அரசு தீர்வை போட்டபோது பாட்டிலை விட்டார். தேநீரில் போடும் மூன்று கரண்டியை விடவில்லை.

2023 ஜூனில் அறுபது நிறைந்தது. கோயிலில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. ஒரே மகள் ரீயூனியன் தீவில், சேன் தெனி நகரில் வேலை பார்க்கிறாள். அவள் வந்து அப்பாவின் கையில் ஸ்மார்ட் வாட்ச் ஒன்றைக் கட்டிவிட்டுப் போனாள். தன் கைபேசியிலும் அதே செயலியைப் போட்டு, அப்பாவின் அடிக்கணக்கு தனக்குத் தெரியும்படி இணைத்துக்கொண்டாள். அப்போது அவருடைய எடை 86 கிலோ. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.1. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிக்லசைடு என்று இரண்டு மாத்திரைகள், இரத்த அழுத்தத்துக்கு ஒன்று.

முதல் ஐந்து மாதங்கள்

முதல் வாரத்தில் ஒரு நாளைக்குச் சராசரியாக 2,800 அடி நடந்தார். கடிகாரம் கேட்டது 10,000. ஜூலை 24 அன்று முதல் முறையாக அந்த எண்ணைத் தொட்டார். அன்று இரவு மகள் சிவப்பு இதயங்களாக அனுப்பியதை மறுநாள் காலை குழுவில் எல்லோரிடமும் காட்டினார். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவர் பத்தாயிரத்துக்குக் கீழே இறங்கவில்லை.

இந்தச் சாதனங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. டாக்டர்களும் நானும் அவர் மனைவியும் பதினான்கு ஆண்டுகள் சொல்லியும் நடக்காதவரை ஒரு கடிகாரம் ஐந்தே வாரத்தில் நடக்கவைத்தது. காலையில் காண்டோஸ் குன்றைச் சுற்றி எங்களோடு நடப்பார். மாலையில் தனியாக இன்னொரு சுற்று. அக்டோபரில் சராசரி 13,000-ஐத் தாண்டியது. எடை 80 கிலோவுக்கு வந்தது, ஹெச்பிஏ1சி 7.4 ஆனது. தேநீரில் ஒரு கரண்டிதான் போடுகிறார் என்று அண்ணி சொன்னார். சோதனை முடிவைப் பார்த்த டாக்டர் கை கொடுத்தாராம்.

குழுவின் வாட்ஸ்அப்பில் தினமும் இரவு எட்டு மணிக்கு எல்லோரும் தங்கள் அடிக்கணக்கைப் படமெடுத்துப் போடும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவள் நான். யார் முதலிடம், யார் இரண்டாமிடம் என்று எழுதிப் போட்டவளும் நான்தான். ஆகஸ்டு முதல் முதலிடம் பெரும்பாலும் அண்ணனுக்கே.

ஒருநாள் நடந்துகொண்டிருக்கும்போது அவர் கேட்டார்: "இந்தப் பத்தாயிரம் யார் போட்ட கணக்கு, தங்கச்சி?" உலக சுகாதார நிறுவனம் சொன்னதாக இருக்கும் என்று நினைத்து அப்படியே சொன்னேன். தவறு. அந்த நிறுவனம் 2020-இல் தந்த வழிகாட்டுதலில் அடிக்கணக்கே இல்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு என்றுதான் இருக்கிறது. பத்தாயிரம் என்பது டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த ஆண்டு, 1965-இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. மான்போகெய் என்றால் பத்தாயிரம் அடி அளவி. முதிய பெண்களிடம் அமெரிக்காவில் செய்த ஆய்வொன்று 2019-இல் வெளிவந்தது. நாளைக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் நன்றாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. இதையெல்லாம் அண்ணன் கேட்ட அன்றே தேடிப் படித்திருந்தால், அவருக்கு வேறு ஓர் எண்ணைச் சொல்லியிருப்பேன்.

கண்ணில் பட்டும் கவனிக்காமல் விட்டவை

அக்டோபர் இரண்டாம் வாரத்தில் குன்றின் பாதி வழியில் அவருக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியது. என் பையில் இருந்த கருவியில் விரல் நுனி இரத்தத்தைப் பார்த்தேன்: 3.4 மில்லிமோல். 3.9-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. பழச்சாறு கொடுத்து உட்கார வைத்தோம். கிளிக்லசைடு, உடம்பு கேட்டாலும் கேட்காவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. உழைப்பு இரட்டிப்பாகி, சாப்பாடு குறைந்து, மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே இருந்தால் இப்படித்தான் ஆகும். டாக்டர் அளவைப் பாதியாக்கினார். அன்றைக்கும் அவர் மாலையில் போய்ப் பத்தாயிரத்தை முடித்துவிட்டே வந்தார். எனக்கு அது மறுநாள்தான் தெரியும். மன உறுதி என்று பாராட்டினேன். எச்சரிக்கையாக எடுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, காலணி. நவம்பர் 12 தீபாவளிக்கு அவர் வாங்கிய புது ஷூவின் முன்பகுதி குறுகல். "கடிக்கவில்லையா?" என்று கேட்டேன். "ஒன்றும் தெரியவில்லையே" என்றார். பதினான்கு ஆண்டு சர்க்கரை நோயாளி, புது ஷூ கடிப்பது தெரியவில்லை என்று சொன்னால் ஒரு நர்ஸின் காதில் அது மணியடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. ஐந்து மாதத்தில் அவருடைய கடிகாரத்தை நூறு முறை பார்த்திருப்பேன். காலை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. மருந்து வாங்கப் போகும் இடத்திலும் அந்த ஆண்டு யாரும் அவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை.

டிசம்பர் 9

நவம்பர் 29 அன்று துணி துவைக்கும்போது வலது காலுறையில் பழுப்புக் கறையை அண்ணி பார்த்திருக்கிறார். கேட்டதற்குச் சேறு என்று சொல்லியிருக்கிறார் அண்ணன். அடுத்த வாரம் படுக்கை விரிப்பில் கறை. டிசம்பர் 9, சனிக்கிழமை காலை, அண்ணி அவரைக் கையோடு பிடித்து என் வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

வலது உள்ளங்காலில் பெருவிரல் தொடங்கும் மேட்டில், தடித்த காய்ப்புக்கு நடுவே ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் புண். சுற்றிலும் சிவப்பு. தொட்டேன், அழுத்தினேன். அவர் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலி துளியும் இல்லை. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை என்னிடம் இருந்தது. மோனோஃபிலமென்ட் என்போம். அதை அடிப்பாதத்தில் வைத்து, உணர்வு தெரிந்தால் சொல்லுங்கள் என்றேன். இரண்டு காலிலும் விரல்களில் எதுவும் தெரியவில்லை, குதிகாலில் மட்டும் தெரிந்தது. பாதத்தின் நாடித்துடிப்பு இரண்டிலும் நன்றாக இருந்தது. அதுவே அன்றைய ஒரே ஆறுதல்.

அன்றே மருத்துவரிடம் போனோம். புண் எலும்புவரை போகவில்லை. எக்ஸ்ரேயும் சுத்தமாக இருந்தது. இலேசான கிருமித் தொற்றுக்கு மாத்திரை தந்து, காய்ப்பைச் சீவி எடுத்துக் கட்டுப் போட்டார்கள்.

வீடு திரும்பியதும் செயலியைத் திறந்து பார்த்தேன். 138 நாள் தொடர்ச்சி என்று ஒரு பதக்கம் மின்னியது. கறையை அண்ணி முதலில் பார்த்த நாள் முதல் முந்தின நாள்வரை, பத்து நாளில், 1,21,000 அடிக்கு மேல் நடந்திருந்தார். அதில் பாதி வலது காலுக்கு. அறுபதாயிரம் முறை அந்தப் புண்ணின் மேல் உடம்பின் முழுப் பாரமும் இறங்கி ஏறியிருக்கிறது. ஒவ்வொரு நாள் இரவும் கடிகாரம் அவரை வாழ்த்தியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் நானும்.

கடிகாரத்தைக் கழற்றுவதா?

வலியுணர்வு இல்லாத பாதத்தில் அடிப்பக்கம் புண் வந்தால், மருந்தைவிட முக்கியம் அந்த இடத்தில் பாரம் விழாமல் காப்பது. கழற்ற முடியாதபடி முழங்கால்வரை போடும் கட்டு அல்லது பூட்ஸுதான் முதல் தேர்வு. அவருக்கு அப்போது கிடைத்தது கழற்றக்கூடிய பூட்ஸ். அதாவது, அவர் சொல் கேட்டால்தான் பயன்.

டாக்டர் கடிகாரத்தைத் தூக்கிப் போடச் சொன்னார். அண்ணியும் அதையே சொன்னார். நான் வேண்டாம் என்றேன். காரணம் இரண்டு. நடக்காமல் இருக்கிறேன் என்று அவர் சொல்வதை நம்ப எங்களுக்கு வழியில்லை. சேறு என்று சொன்னவர் அவர். கையில் கடிகாரம் இருந்தால் உண்மை தெரியும். இரண்டாவது, அதைப் பிடுங்கினால் ஐந்து மாதத்தில் பெற்ற எல்லாவற்றையும் சேர்த்துப் பிடுங்கியதாகிவிடும் என்று தோன்றியது. ஆறு கிலோவும் தேநீரின் இரண்டு கரண்டியும் அந்தக் கடிகாரத்தோடு முடிச்சிட்டு இருந்தன.

ஆகவே கணக்கைத் தலைகீழாக்கினோம். ஒரு நாளைக்கு 1,500 அடிக்கு மேல் போகக் கூடாது. குறைவாக நடந்தால் வெற்றி. இதில் நாங்கள் எதிர்பாராத சிக்கல், செயலியில் இப்படி ஓர் உச்சவரம்பு வைக்க இடமே இல்லாதது. இலக்கைத் தாண்டினால் பாராட்டும். தாண்டாமல் இருந்தால் மணிக்கொரு முறை "எழுந்து நடங்கள்" என்று அதிரும். முதல் மூன்று நாள் அந்த அதிர்வு அவரைப் படுத்திய பாட்டை அண்ணி சொல்லித்தான் அறிந்தேன். எல்லா நினைவூட்டலையும் நிறுத்தினேன். அதற்குப் பதில் சமையலறைச் சுவரில் முருகன் படம் போட்ட தினசரி நாட்காட்டியில் அண்ணி ஒவ்வொரு இரவும் அடிக்கணக்கை எழுதினார். 1,500-க்குள் இருந்தால் குங்குமத்தால் ஒரு பொட்டு.

இன்னொன்றும் கற்றோம். பூட்ஸ் போட்டுக் காலை இழுத்து மெதுவாக நடக்கும்போது மணிக்கட்டுக் கடிகாரம் அடிகளைக் குறைத்தே எண்ணுகிறது. 900 என்று காட்டிய ஒரு நாளில், அறைக்கு அறை அவர் போய்வந்ததை அண்ணி எண்ணிப் பார்த்தால் கணக்கு எங்கோ போனது. அதன் பிறகு வரம்பை 1,000 ஆக்கினோம். காண்டோஸ் நடைக்குப் பதிலாக, நாற்காலியில் உட்கார்ந்தபடி ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சி காலையும் மாலையும்.

வீட்டுக்குள் செருப்பு

தெருவில் பூட்ஸ் போடுவதில் அவருக்குத் தயக்கமில்லை. வீட்டு வாசலில் கழற்றிவிடுவார். நம் வீடுகளில் அதுதானே வழக்கம். எண்பத்து நான்கு வயதான அவருடைய அம்மா, பூஜை அறைப் பக்கம் அந்தப் பூட்ஸைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடிகாரம் காட்டிய அடிகளில் பெரும்பகுதி வீட்டுக்குள் வெறுங்காலில் வைத்தவை என்பது இரண்டாவது வாரத்தில்தான் எனக்கு உறைத்தது.

அம்மாவிடம் நானே போய்ப் பேசினேன். புண்ணின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை அவர். பிறகு, "என் மாமனாருக்கு இப்படித்தான் ஆரம்பித்தது, காலையே எடுத்துவிட்டார்கள்" என்றார். அந்தக் குடும்பத்தில் அப்படி நடந்தது எனக்குத் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. அன்றைக்கே பூஜை அறை வாசலுக்கு வெளியே ஒரு நாற்காலி போடச் சொன்னார். மகன் அங்கே உட்கார்ந்து கும்பிடட்டும் என்றார். வீட்டுக்குள் மட்டும் போட, அடிப்பாகம் துடைத்து வைத்த இன்னொரு ஜோடி வந்தது. அடுத்த பத்து நாளில் புண்ணின் அகலம் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது.

புயலும் தைப்பூசமும்

2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் வந்தது. தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. எங்கள் பக்கம் அவ்வளவு சேதமில்லை என்றாலும் இரண்டு நாள் யாரும் வெளியே போக முடியவில்லை, கட்டு மாற்ற வேண்டிய நாள் தவறியது. அண்ணி கட்டைப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் புண்ணைப் படம் எடுத்து அனுப்பினார். அளவு தெரிய பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை வைத்திருந்தார், நான் சொல்லாமலே. நான் தொலைபேசியில் சொல்லச் சொல்ல அவரே கட்டினார். அன்று அவசரத்துக்குச் செய்ததுதான் பிறகு எங்களுடைய முக்கியமான ஏற்பாடாக ஆனது: ஒவ்வொரு இரவும் ஒரு படம். அதைக் குழுவில் போடாமல் எனக்கு மட்டும் அனுப்பச் சொன்னேன். ஒருவரின் உடம்பைப் பற்றிய படம் பத்து பேர் கைபேசியில் கிடக்கக் கூடாது. 2017-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலைத் தனி அக்கறையோடு கையாளச் சொல்கிறது.

புயலுக்குப் பத்தாம் நாள், ஜனவரி 25, தைப்பூசம். இங்கே அது அரசு விடுமுறை. கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் விரதம். பிறகு ஆற்றங்கரையிலிருந்து கோயில்வரை வெறுங்காலில் காவடி, கோடை வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலை. அண்ணன் இருபத்திரண்டு ஆண்டுகள் விடாமல் எடுத்தவர். சிறுவயதில் அவருக்கு வந்த காய்ச்சலுக்காக அவர் அம்மா வைத்த நேர்த்தி அது. "கால் போனாலும் எடுப்பேன்" என்றார். வாய்ச்சொல்லாக அவர் சொல்லவில்லை.

இதில் ஒரு நர்ஸின் பேச்சு எடுபடாது என்று தெரிந்து, குருக்களிடம் மூவரும் போனோம். அவர் நேர்த்தியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் காலைக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, "காவடியை உங்கள் தங்கை மகன் எடுக்கட்டும். செம்பில் பால் ஊற்றி அனுப்புவதும், அது கெடாமல் வந்ததா என்று பார்த்து வாங்குவதும் நீங்கள். இரண்டும் சேர்ந்ததுதான் காவடி" என்றார். விரதத்தைப் பொறுத்தவரை, கிளிக்லசைடு எடுப்பவர் ஒருபொழுது இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை ஏற்று, மூன்று வேளையும் சிறிதளவு மரக்கறி உணவு என்று முடிவாயிற்று. விரதத்தின் பத்து நாளும் சர்க்கரை 5.2-க்குக் கீழே போகவில்லை.

தைப்பூசத்தன்று மருமகன் காவடியோடு வந்தபோது அண்ணன் கோயில் வாசலில் பூட்ஸுடன் நாற்காலியில் இருந்தார். பால் செம்பை வாங்கும்போது அழுதார். அன்றைய அடிக்கணக்கு 640.

மகள் கேட்ட கேள்வி

பிப்ரவரி நடுவில் ஓர் உறவுக்காரர் திருமணத்துக்காக நான்கு நாள் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு ஷூ போட்டிருந்தார். கடிகாரம் 6,200 காட்டியது. புண் மறுபடி விரிந்தது. கோபத்தோடு போன நான், ஏன் என்று கேட்டேன். நெடுநேரம் கழித்து அவர் சொன்ன பதிலைத்தான் இந்தப் பதிவின் மையம் என்று நினைக்கிறேன்.

"நான் பத்தாயிரம் நடந்தால் பாப்பா இரவில் கூப்பிடுவாள், தங்கச்சி. இப்போது இரண்டு மாதமாக இதயமும் இல்லை, பேச்சும் குறைந்துபோயிற்று. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று நினைத்து அவள் பயந்துகொண்டிருப்பாள்."

மகள் பயந்துதான் இருந்தாள். தான் கட்டிய கடிகாரம்தான் அப்பாவின் காலைப் புண்ணாக்கிவிட்டது என்று நினைத்து, அதைப் பற்றிப் பேச்செடுக்கவே கூசியிருந்தாள். முக்கால் மணி நேர விமானப் பயணத் தொலைவில் இருக்கும் இருவரும் ஓர் எண்ணின் வழியாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த எண்ணை நான் வெட்டியபோது அவர்களுடைய பேச்சையும் சேர்த்து வெட்டிவிட்டேன். பாரம், சர்க்கரை, தொற்று எல்லாவற்றையும் யோசித்த நான் இதை யோசிக்கவே இல்லை.

அன்றிரவு மகளோடு பேசினேன். இனி கால் படம் எனக்கு வருவதற்கு முன் அவளுக்குப் போக வேண்டும், பார்த்ததும் அவள் அப்பாவைக் கூப்பிட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். "எத்தனை அடி?" என்று கேட்கக் கூடாது. "கால் எப்படி இருக்கிறது, அப்பா?" என்றுதான் தொடங்க வேண்டும். அந்த வாரத்திலிருந்து அவர் பூட்ஸைக் கழற்றியதாக எந்த அறிகுறியும் இல்லை. மார்ச் 8 அன்று புண் மூடியது. டிசம்பர் 9-இலிருந்து பதின்மூன்று வாரம்.

வெப்பமானி

மூடிய புண் மறுபடி வராமல் காப்பது அடுத்த வேலை. ஒருமுறை புண் வந்த பாதம் வாழ்நாள் முழுவதும் ஆபத்துப் பட்டியலில்தான் இருக்கும். கால் அளவுக்குச் செய்த உள்தகடும் ஆழமான முன்பகுதி கொண்ட ஷூவும் வாங்கினோம். வலி இல்லாத காலில் எச்சரிக்கை எப்படிக் கிடைக்கும் என்ற கேள்வி மிச்சமிருந்தது.

தோல் கிழிவதற்கு முன் அந்த இடம் சூடாகும். இரண்டு பாதங்களிலும் ஒரே இடத்தை அளந்தால், வெப்ப வேறுபாடு 2.2 டிகிரி செல்சியஸைத் தாண்டி இரண்டு நாள் தொடர்ந்து இருந்தால், நடையைக் குறைத்துவிட்டுக் காலைக் காட்ட வேண்டும். இது ஆய்வுகளில் நன்கு சோதித்துப் பார்த்த முறை. அண்ணன் வீட்டில் கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி ஒன்று கிடந்தது. உடல் வெப்பத்துக்கான நிலையில் வைத்தால் அது தானே ஒரு திருத்தத்தைச் சேர்த்துக் காட்டும். பொருள்களின் மேற்பரப்பை அளக்கும் நிலைக்கு மாற்ற வேண்டும். மாற்றி, பெருவிரல், முன்பாதத்தில் மூன்று இடம், நடுப்பாதம், குதிகால் என்று காலுக்கு ஆறு இடத்தைப் பேனாவால் குறித்துக் கொடுத்தேன். இதற்கென்றே செய்த கருவி அளவுக்குத் துல்லியமில்லைதான். ஆனால் நாம் பார்ப்பது வேறுபாட்டை. அதற்கு அது போதுமானதாக இருந்தது.

ஏப்ரலில் 1,500 அடியில் தொடங்கி வாரத்துக்கு 500 கூட்டினோம். மே மாதத்தில் தொடர்ந்து இரண்டு இரவு, பழைய புண்ணின் இடத்தில் வேறுபாடு 2.6, அடுத்து 2.4. தோலில் பார்வைக்கு ஒன்றுமில்லை. நடையைப் பாதியாக்கி, மூன்றாம் நாள் காட்டினோம். உள்ளே காய்ப்பு மறுபடி கட்டத் தொடங்கியிருந்தது. சீவினார்கள், உள்தகட்டைத் திருத்தினார்கள். புண் வரவில்லை. அந்தச் செய்தியை மகளுக்கு அண்ணனே சொன்னார்: "இந்த முறை நான் முந்திக்கொண்டேன்."

நடையை நிறுத்தியிருந்த காலத்தில் ஹெச்பிஏ1சி 8.0-க்கு ஏறியிருந்தது. ஆகஸ்டில் 7.5. நாளைக்கு 6,000 அடி, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. எடை 82.

குழுவில் மாற்றியவை

இரவு எட்டு மணிப் பட்டியலை நிறுத்திவிட்டேன். பதினோரு பேருக்கும் நைலான் இழைச் சோதனை செய்தேன். அண்ணனைத் தவிர இன்னும் மூன்று பேருக்கு உணர்வு குறைந்திருந்தது. அவர்களில் இருவர் அதுவரை பெருமையோடு பன்னிரண்டாயிரம் நடந்தவர்கள். புதிதாக யார் கடிகாரத்தோடு வந்தாலும் முதலில் காலுறையைக் கழற்றச் சொல்கிறேன். எந்த இலக்கும் அதற்குப் பிறகுதான்.

ஒருவரிடம் விரலில் குத்தாமலே இரத்தச் சர்க்கரை காட்டும் என்று விற்ற மலிவுக் கடிகாரம் இருந்தது. அது 5.6 காட்டியபோது விரல் இரத்தத்தில் 12.8. ஊசியோ உணர்கருவியோ தோலுக்குள் போகாமல் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் எந்தக் கடிகாரத்தையும் நம்ப வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அவர் அந்த எண்ணைப் பார்த்து மாத்திரையைக் குறைத்துக்கொண்டிருந்தார். இதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

மறுபடி செய்வதாக இருந்தால், கடிகாரம் கட்டிய முதல் நாளே மகளையும் உட்காரவைத்துப் பேசியிருப்பேன். தாழ்சர்க்கரை வந்த அன்று மருந்தோடு இலக்கையும் குறைத்திருப்பேன். வெப்பமானியைப் புண் வருவதற்கு முன்பே கொடுத்திருப்பேன். உணர்வு குறைந்த மற்ற மூவரில் ஒருவர் மட்டுமே அதை இன்னும் தினமும் செய்கிறார். மற்ற இருவர் சில வாரங்களில் விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு இரவில் கூப்பிட்டுக் கேட்க யாருமில்லை. அதற்கு என்ன செய்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

2025 பிப்ரவரி 11

அடுத்த தைப்பூசத்துக்கு ஒரு மாதம் முன்பே அண்ணன் வந்து கேட்டார். தார்ச்சாலையில் வெறுங்கால் கூடாது என்பதில் டாக்டரும் நானும் அசையவில்லை. குருக்கள் ஒரு வழி சொன்னார். ஆற்றங்கரையிலிருந்து மருமகன் எடுத்துவருவது. கோபுர வாசலில் அண்ணன் தோள் மாற்றி, நனைத்துப் போட்ட பாய்விரிப்பின் மேல் சந்நிதிவரை கொண்டுபோவது. வாசலிலிருந்து சந்நிதி எழுபது அடி இருக்கும். காலை பத்து மணிக்கு முன்பே முடித்துவிடுவது என்றும் பேசிக்கொண்டோம்.

அப்படியே நடந்தது. அன்றிரவு வெப்ப வேறுபாடு 1.1. வழக்கம்போல் கால் படம் வந்தது. பாதத்தில் சந்தனம் ஒட்டியிருந்தது. படத்தின் ஓரத்தில் பாதத்தைத் தாங்கிப் பிடித்த ஒரு கை தெரிந்தது. மகள் அன்று காலை விமானத்தில் வந்திருந்தாள்.